இருபத்தாறு கட்டங்கள்

திரையில் மூன்று கேள்விகள் நின்றன. மூன்றுக்கும் விடை தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததே ராக்கியண்ணனின் விரல்களைத் தட்டச்சுப் பலகையின்மேல் அசையாமல் நிறுத்தி வைத்தது. பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வரன் தகவல் மையத்தின் அறை அது. காலை பத்தரை மணி. கீழே, மறுநாள் நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்துக்காக யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்; ஒன்று, இரண்டு, மூன்று என்றது குரல், பிறகு மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுக்கு மேல் எண்ணப் பழகாதவர்களைப் போல. சன்னல் வழியே உரித்த வெங்காயத்தின் வாடை ஏறி வந்தது. கண் எரிந்தது வெங்காயத்தாலா திரையாலா என்று அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குள் இந்த ஆண்டின் வரன் கையேடு அச்சகத்துக்குப் போக வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கு இருபத்தாறு கட்டங்கள். பத்தொன்பது ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் அவர் தொகுத்துவரும் கையேடு. இந்த ஆண்டு முதல் அது இணையத்திலும் ஏறப்போகிறது; அதற்கான கணக்கைத் திறக்கும் பொறுப்பை மையம் அவரிடம் ஒப்படைத்திருந்தது. கணக்கைத் திறக்க வேண்டுமானால் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லை மறந்துபோனால் மீட்பதற்கு மூன்று கேள்விகளும் அவற்றின் விடைகளும் வேண்டும். தங்கள் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? தாங்கள் முதலில் படித்த பள்ளி எது? தங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்? மூன்று சின்னக் கேள்விகள். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டும் பூட்டு அது.

பிறந்த வீட்டுப் பெயர் என்று எவனோ எங்கோ எழுதியதைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள், அவர்கள் நாட்டில் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு குடும்பப் பெயர் இருக்கும் போலும், கல்யாணத்தோடு அது மறைந்துபோகும் போலும், மறைந்துபோனதால் அது இரகசியமாகும் போலும். இங்கே ஏது குடும்பப் பெயர்? பிறந்த வீடு என்றால் கூட்டம், அதாவது குலம். அம்மா ஆந்தைக் கூட்டம், அய்யன் காடைக் கூட்டம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. ஆகவே வரன் பேச வருகிறவர்கள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைப்பதற்குள் கேட்பது நீங்க என்ன கூட்டமுங்க, அம்மா என்ன கூட்டமுங்க என்பதைத்தான். அதை மறைத்தால் குற்றம். மறைத்துக் கல்யாணம் நடந்துவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் தீராத தலைகுனிவு. அங்கே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதை இங்கே ஒலிபெருக்கியில் சொல்கிறோம், ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் தங்கள் மின்னஞ்சலில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்ன செய்திருப்பார்கள்? கொஞ்சமும் யோசிக்காமல் தாயார் கூட்டத்தை அடித்திருப்பார்கள். வேறு எதை அடிப்பார்கள். அவரே அடித்துவிட்டார், ஆ, ந், தை, மூன்று எழுத்து, அடித்த பிறகுதான் மேசைமேல் கிடந்த சென்ற ஆண்டுக் கையேட்டின்மீது கண் போயிற்று. முதல் பக்கம், தொகுப்பாளரைப் பற்றி. பிறந்த ஊர், பிறந்த தேதி, அய்யன், அம்மா, அம்மாவின் கூட்டம், படித்த ஆரம்பப் பள்ளி, கணக்கில் ஆர்வம் ஊட்டிய ஆசிரியர் சென்னியப்பன் அவர்கள். வரிக்கு வரி அவரே எழுதியது. திரையில் மூன்று கேள்வி, காகிதத்தில் மூன்று விடை, நடுவில் அவர்.

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது அவருடைய வாழ்க்கையில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடி வரும் விதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளிவிவர ஆய்வாளராக வேலை செய்தவர். கிணற்றின் ஆழம், எருமையின் வயது, வீட்டில் எத்தனை பேர், யார் படித்தவர், யார் வேலை தேடுகிறவர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவர். காலியாக விட்ட கட்டம் விதைக்காமல் விட்ட வயல் என்று தமக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்வார். மையத்தின் செயலாளர் கந்தப்பன், எண்ணெய் ஆலை வைத்திருப்பவர், பொதுக்குழுவில் எல்லார் முன்னிலையிலும் சொன்ன கேலி இன்னும் ஊரில் சுற்றுகிறது. "அண்ணன் பக்கத்துல ஒரு காக்கா வந்து உக்காந்தாக்கூட, நீ என்ன கூட்டம், உங்கம்மா என்ன கூட்டம்னு கேட்டு எழுதிக்கிட்டுத்தான் தொரத்துவாரு." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், உள்ளே பெருமையாகத்தான் இருந்தது. பதினொரு கட்டமாக இருந்த பக்கத்தை இருபத்தாறு கட்டமாக வளர்த்தவர் அவர் அல்லவா. முதலில் படித்த பள்ளி என்பது அவர் சேர்த்தது, தமிழ் வழியா ஆங்கில வழியா என்று தெரியுமே என்பதற்காக. பிடித்த ஆசிரியர் அவர் சேர்த்தது, நன்றியுள்ள பிள்ளையா என்று அறிவதற்காக. பிடித்த நிறம், பிடித்த உணவு, வீட்டில் வளர்க்கும் பிராணியின் பெயர். ஏன் சேர்த்தார்? பக்கத்தில் இடம் இருந்தது. அவ்வளவுதான். நல்லெண்ணம் உள்ளவர்களே, இடம் இருக்கிறது என்பதற்காக ஒருவரிடம் எதையும் கேட்காதீர்கள். கேட்டு வாங்கிய ஒவ்வொன்றும் காக்கப்பட வேண்டியது, காக்கத் தெரியாதவன் கேட்கத் தகுதியற்றவன். இதை அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருப்பார்.

மோகனப்பிரியாவின் பக்கம் இருநூற்று எழுபத்து ஒன்று. நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அந்த எண் முன்னால் வந்து நின்றது. இருபத்தேழு வயது, கோயம்புத்தூரில் துணி வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை, இரண்டு ஆண்டுக்கு முன் விண்ணப்பத்தைக் கொண்டு வந்தபோது பதினான்கு கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்தவளை மறுபடி உட்காரவைத்து மீதியையும் நிரப்பச் செய்தவர் அவர். தாயார் காடைக் கூட்டம் என்று அவள் எழுதியதைப் பார்த்து, நானும் காடைதான் அம்மிணி என்றார். அப்படீன்னா நீங்க எனக்குச் சொந்த மாமன் என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் மாமா என்று அழைப்பதில் ஓர் உரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த உரிமையோடுதான் சென்ற வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் மட்டும் வேறாக இருந்தது, தேர்வில் கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்வதுபோல. யாரோ ஒருவன், யாரென்று இன்றுவரை தெரியாது, கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று சொல்லி அவளுடைய மின்னஞ்சலின் கதவைத் தட்டியிருக்கிறான். தாயார் பிறந்த வீடு கேட்டது, சொன்னான். முதல் பள்ளி கேட்டது, சொன்னான். வளர்க்கும் பிராணியின் பெயர் கேட்டது. மணி என்று சொன்னான். உள்ளே போனவன் அவள் பெயரில், அவள் முகவரியிலிருந்து, அவளுடைய மேலாளருக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் அனுப்பினான். நான்கு வரி, மரியாதையான கடிதம். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நான் எழுதவில்லை என்று நிரூபிக்க மூன்று வாரம் அலுவலக வாசலில் நின்றாள். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் தான் இரவில் யாருக்கு என்ன எழுதினோம் என்று தேடிப் பார்க்கிறாளாம். கையேட்டைத் தவிர இந்த மூன்றும் சேர்ந்து வேறெங்கும் இல்லை என்றாள். இந்த ஆண்டு தன் பக்கம் வேண்டாம் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு இத்தனை பாடு இருந்திருக்காது. "எனக்கு மட்டும்னா நா மாத்தி வெச்சுக்குவேனுங்க மாமா. மத்தவீங்களுக்கு யாரு சொல்றது? அந்தக் கட்டத்தையெல்லாம் எடுத்துருங்க."

அவர் என்ன சொன்னார்? அதைத்தான் ஒரு வாரமாக மனம் சுற்றிச் சுற்றி வருகிறது, செக்கில் கட்டிய மாட்டைப் போல, நின்றால் அடி விழும் என்பதுபோல. பாஸ்வேர்டைக் கெட்டியா வெக்கோணும் அம்மிணி, புத்தகத்தை என்ன பண்ணச் சொல்ற என்றார். கூட்டம் போடாமல் வரன் எப்படிப் பார்ப்பது என்றார். கவனக்குறைவு என்ற சொல்லைக்கூடச் சொன்னார், யாருடைய கவனக்குறைவு என்று சொல்லாமல். பிறகு சொன்னாள், மெதுவாக, குற்றம் சாட்டுகிற குரலில்கூட இல்லை. "நா யாருகிட்டயும் பொய் சொல்லலீங்க மாமா. அந்த மெயில்ல கேட்டாங்க, உண்மையச் சொன்னேன். நீங்க கேட்டீங்க, உங்ககிட்டயும் அதே உண்மையத்தான் சொன்னேன்." உண்மையை இரண்டு இடத்தில் சொன்னதால் ஒருத்திக்குத் தீங்கு வந்தது என்றால் அவர் அறிந்த நீதியில் அதற்கு இடம் இல்லை. சென்ற ஆண்டு விழாவில் அவர் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். ஓர் அரசனின் தானியக் களஞ்சியத்துக்கு ஒரு காவலன் இருந்தான்; வருகிறவர்களிடம் பட்டத்து யானையின் பெயரைக் கேள், சரியாகச் சொன்னால் உள்ளே விடு என்பது கட்டளை. காவலன் ஒருநாளும் கேட்கத் தவறியதில்லை, மழையானாலும் வெயிலானாலும். கேட்க வேண்டியதைக் கேட்கும் கடமை உணர்ச்சி அவனிடம் இருந்தது பாருங்கள் என்று அவர் கதையை முடித்தார், கைதட்டினார்கள். களஞ்சியம் காலியான பகுதியை ஏன் சொல்லாமல் விட்டோம்? அந்த யானை ஒவ்வொரு திருவிழாவிலும் வீதியில் வந்தது. மக்கள் அதன் பெயரைச் சொல்லிச் சொல்லி வாழைப்பழம் கொடுத்தார்கள். திருடன் பெயரைத் திருடவில்லை. வீதியில் நின்று கேட்டுக்கொண்டான். காவலன்மேல் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் யார்மேல்? யானையை அலங்கரித்து, மணி கட்டி, பெயர் சொல்லிக்கொண்டே வீதியில் நடத்திக்கொண்டு போனானே பாகன், அவன்மேல். பத்தொன்பது கையேடு, பத்தொன்பது திருவிழா.

பத்து நிமிடம் எதுவும் எழுதப்படாததால் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று திரை சொன்னது. மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை முதலில் கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள் என்றது. அவர் தம் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து அடித்தார். எளிதில் கண்டுபிடிக்கத் தக்கது என்று சிவப்பில் வந்தது. கூட்டத்தின் பெயரையும் ஆண்டையும் அடித்தார், சிவப்பு. இந்த இயந்திரத்துக்குக்கூட அவரைத் தெரிந்திருக்கிறது. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதச் சொல்லி மருமகன் அனுப்பியிருந்த குறிப்பு நினைவுக்கு வந்தது. சம்பந்தமில்லாத நான்கு சொற்கள். வாழ்நாள் முழுவதும் சம்பந்தம் பேசியே பழகியவனுக்கு அது எத்தனை கடினம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய கணக்கின் கடவுச்சொல் எழுதிய சீட்டு இருந்தது, காபி கொண்டு வருகிறவர், மின்விசிறி பழுதுபார்க்கிறவர், எல்லாரும் படிக்கும்படி, அவருடைய அழகான கையெழுத்தில். அதை உருவி எடுத்துக் கிழித்தார். நான்காகக் கிழித்தது போதாதென்று எட்டாகக் கிழித்தார். நான்கு சொற்கள் எப்படியோ வந்து சேர்ந்தன, பச்சை வந்தது. மறுபடியும் அந்த மூன்று கேள்விகள். மருமகனின் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது: இக்கேள்விகளுக்கு உண்மையான விடையைத் தர வேண்டாம், பொய்யான விடை ஒன்றைத் தந்து அதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பொய்யான விடை. கட்டத்தில் பொய். கீழே ஒலிபெருக்கி நின்றுவிட்டிருந்தது. அந்த நிசப்தத்தில் அவருக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, கீழே சமையற்கட்டில் அண்டா கழுவுகிறார்கள். இல்லை, அது மட்டும் இல்லை.

ஓடை அது. செம்மண் கலந்து, முழங்காலுக்கு மேல், வேலிமுள்ளை இழுத்துக்கொண்டு. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன். குடும்ப விவரக் கணக்கெடுப்பின் கடைசி நாள். ஓடைக்கு அப்பால் ஒற்றை வீடு, ஒரே ஒரு வீடு, அதை எழுதினால் அந்தப் பகுதி முடிந்தது. இக்கரையில் சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னாள், அங்கே ஒரு வயசாளி தனியா இருக்காருங்க, பேரெல்லாம் தெரியாதுங்க, தண்ணி வத்த ரெண்டு நாளாகும். இரண்டு நாள் இல்லை. கையில் கணக்கெடுப்புப் படிவம் நனைந்துகொண்டிருந்தது. ஒரு புளியமரத்தடியில் பையை மடியில் வைத்து, அந்த வீட்டுக்கு அவர் ஓர் ஆளை உண்டாக்கினார். பெயர் கொடுத்தார். வயது கொடுத்தார். பிறந்த ஊர் கொடுத்தார். படிப்பு என்ற கட்டத்தில் மூன்றாம் வகுப்பு என்று எழுதி, எந்தப் பள்ளி என்பதையும் எழுதினார். தாயார் பெயர் கேட்டிருந்தது. அதற்கும் ஒன்று வைத்தார். ஒரு கட்டமும் காலியில்லை. மேலதிகாரி அந்தப் பகுதியின் தாள்களைப் பாராட்டினார். அக்கரைக்கு அவர் பிறகும் போகவேயில்லை. போனால் உண்மையான மனிதன் வாசலில் உட்கார்ந்திருப்பான், ஏனுங், என்னைக் கேக்காமலே என்னை எழுதிப்போட்டீங்களா என்பான். எத்தனை ஆயிரம் பேரை எழுதியிருப்பார், உண்மையான மனிதர்கள், உண்மையான வயது, ஒருவர் பெயரும் இன்று நினைவில்லை. இந்த இல்லாத மனிதனின் ஒவ்வொரு கட்டமும் நினைவிருக்கிறது. ஓர் எழுத்துப் பிசகாமல். மனைவியிடம் சொன்னதில்லை. எந்தக் கையேட்டிலும் இல்லை. உலகத்தில் இதை அறிந்தவர் ஒருவர், அவரும் இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

பொய் எது என்று அவர் நிதானமாக யோசித்தார், ஆய்வாளர் யோசிப்பதுபோல. அறிய விரும்பி ஒருவர் கேட்கிறார். அவருக்கு மாற்றிச் சொன்னால் அது பொய். அன்று அந்தத் தாள் அறிய விரும்பிக் கேட்டது. அன்று சொன்னது பொய், இன்றும் பொய், அதற்கு மன்னிப்பு வேறு எங்காவது கேட்க வேண்டும். ஆனால் பூட்டு எதையும் அறிய விரும்புவதில்லை. அம்மா ஆந்தையா காடையா என்பதில் அதற்கு அக்கறை இல்லை. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறாயா என்று மட்டும் கேட்கிறது. அதற்கு வேண்டியது உண்மை அல்ல, மாறாமை. உண்மையைக் கேட்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்லுங்கள், நல்லவர்களே. எல்லாக் கேள்வியும் உண்மைக்கு உரிமையுடையதல்ல, கேட்கிறவன் யார் என்று பார்க்காமல் பதில் சொல்வது நேர்மை ஆகாது, அது வெறும் பழக்கம். அவர் முதல் கேள்விக்கு அந்த இல்லாத மனிதனின் தாயார் பெயரை அடித்தார். இரண்டாவதற்கு அவன் படிக்காத பள்ளியை. மூன்றாவதற்கு அவனையே. முப்பத்து மூன்று வருடம் சும்மா இருந்தவனுக்கு ஒரு காவல் வேலை. அந்தப் பெயர்களை இங்கே எழுதுவது முறையாகாது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்.

பதினொன்றரை. கணக்கு திறந்துவிட்டது. இனிக் கையேடு. தாயார் கூட்டம் என்ற கட்டத்தின்மேல் முதலில் கையை வைத்தார். முதல் பள்ளி, பிடித்த ஆசிரியர், பிராணி, நிறம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், பத்தொன்பது வருட உழைப்பு இத்தனை சீக்கிரம் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் இருந்த இடத்தில் மட்டும் நேரில் கேட்டறியவும் என்று எழுதினார். முன்னுரையில் தம்மைப் பற்றிய பக்கத்தை முழுவதுமாக எடுத்தார். பிறகு இருநூற்று எழுபத்து ஒன்றாம் பக்கத்தை, அவள் கேட்டபடியே, எடுத்துத் தனியாக வைத்தார். நானூற்றுப் பதினொன்று. கந்தப்பன் கூப்பிட்டார்; அச்சகத்தில் ஆள் காத்திருக்கிறான் என்றார்; விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. "அண்ணா, நீங்களா கட்டத்தக் காலியா உட்டீங்க? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" நன்றாகத்தான் இருக்கிறேன், வருகிறவர்கள் நேரில் வந்து என்னைக் கேட்கட்டும், நீ யார் என்று நான் முதலில் கேட்கிறேன் என்றார். கந்தப்பன் இதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்துவிட்டு வைத்தார். அங்கே கேலி இருக்கும், சிலர் கோபிப்பார்கள். இருக்கட்டும்.

மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார். முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னார், தப்பு என்மேலதான் அம்மிணி என்று, சுற்றி வளைக்காமல். கட்டங்களை எடுத்ததைச் சொன்னார், அவள் பக்கத்தை எடுத்ததைச் சொன்னார், கையேடு இணையத்தில் ஏறுவதையும் அதற்குத் தாமே கணக்குத் திறந்ததையும் சொன்னார். அவள் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம்புகிற ம் அல்ல அது. அப்புறம் கேட்டாள், சாதாரணமாக, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல. "அந்தக் கணக்குக்கும் கேள்வி கேட்டிருக்குமே மாமா. நீங்க என்ன பதிலு வெச்சீங்க?" அவர் வாய் தானாகவே திறந்தது. யாராவது ஒன்றைக் கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்கப்பட்ட கேள்வி திறந்து கிடக்கும் கட்டம். அந்தப் பெயர் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. அவளிடம் சொன்னால் என்ன, இவளிடம்கூடவா, இவளுக்குத்தானே கடன்பட்டிருக்கிறோம் என்று மனம் வழக்கறிஞரைப்போல் பேசியது. கீழே ஒலிபெருக்கி மறுபடி உயிர் பெற்றது, ஒன்று, இரண்டு, மூன்று.

"மாமா? லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன் அம்மிணி."

"கேட்டனே."

"கேட்ட."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெங்காய வாடை, வெயில், ஒலிபெருக்கி. காலிக் கட்டம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அவர் அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் சிரித்தாள்; விண்ணப்பம் கொண்டு வந்த அன்று சிரித்த சிரிப்பு.

"செரிங்க மாமா," என்றாள். "இப்ப என் பக்கத்தைப் போடுங்க."